ஏஜென்சி வழியாக டெக்னிக்கல் ரைட்டர் கான்ட்ராக்ட்: சிக்கல் ரெஸ்யூமே அனுப்பும்போதே ஆரம்பம்

சாஃப்ட்வேருக்கான கையேடுகளை எழுதும் டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு ஏஜென்சி வழியாகக் கான்ட்ராக்ட் கையெழுத்தாகிவிட்டது. இன்டர்வியூ, எழுத்துத் தேர்வு எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் இதைவிட நல்ல வேலை ஒன்று அதற்கு முன் கையை விட்டுப் போனது இன்னும் ஆறவில்லை. ஒரே பணியிடத்துக்கு என் பெயர் இரண்டு ஏஜென்சிகளிலிருந்து போயிருந்தது. முதல் ஏஜென்சி "பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி, ஏபிஐ டாக்குமென்டேஷன்" (சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேசும் வழிக்கான கையேடு) என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. பார்த்துவிட்டுத் தருவதாக ரெஸ்யூமேவை வாங்கி, என்னிடம் கேட்காமலே அந்தக் கம்பெனியின் ஆள்சேர்ப்புப் போர்ட்டலில் ஏற்றிவிட்டது.

இப்படி இரட்டைப் பதிவு வந்தால், கமிஷன் யாருக்கு என்ற தகராறு வேண்டாமென்று பல கம்பெனிகள் ஆளையே ஒதுக்கிவிடும். யார் முதலில் அனுப்பினார்கள் என்று விசாரிக்கக்கூட மாட்டார்கள். அதனால் கம்பெனியின் பெயர், பணியிட எண், மணிக்கு எவ்வளவு என்ற மூன்றும் மெயிலில் வராமல் ரெஸ்யூமே தராதீர்கள். "இந்தப் பணியிடத்துக்கு மட்டும், இந்தத் தேதி வரை மட்டும்" என்று பதில் மெயிலில் சம்மதம் கொடுங்கள். பெயரைச் சொல்ல மறுக்கிறார்களா? அவர்கள் அனுப்பிய வேலை விவரத்திலிருந்து வித்தியாசமான ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெரும்பாலும் கம்பெனியின் விளம்பரத்தை அப்படியே நகலெடுத்திருப்பார்கள், அகப்பட்டுவிடும்.

ரேட் பேசுவதும் அப்போதே முடிய வேண்டும். போர்ட்டலில் ஒரு தொகை ஏறிவிட்டால் அதன்பின் கூட்டுவது மிகக் கடினம். கம்பெனி ஏஜென்சிக்குத் தருவது ஒரு தொகை, உங்கள் கைக்கு வருவது வேறு. "பட்ஜெட் இவ்வளவுதான்" என்று அவர்கள் சொல்வது தங்கள் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான்.

அடுத்து, ரெஸ்யூமேவை வேர்ட் ஃபைலாகவே கேட்பார்கள். தங்கள் லோகோ போட்டு, உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு அனுப்புவதற்கு. அதோடு நின்றால் பரவாயில்லை. கையேடு உருவாக்கும் சாஃப்ட்வேரான ரோபோஹெல்ப் என்று நான் எழுதிய இடத்தில், அதே வகை சாஃப்ட்வேரான மேட்கேப் ஃபிளேரும், ஆவணங்களைத் துண்டுதுண்டாக எழுதும் எக்ஸ்எம்எல் முறையான டிட்டாவும் சேர்ந்திருந்தன. இன்டர்வியூவில் கான்ரெஃப் (டிட்டாவில் ஓரிடத்தில் எழுதியதை வேறிடத்திலும் எடுத்தாளும் வசதி) பற்றிக் கேட்டபோதுதான் அது தெரிந்தது. "அது நான் எழுதியதல்ல" என்று அங்கேயே சொல்லி, என் சொந்தப் பிரதியை அனுப்பிவைத்தேன். அனுப்பிய ரெஸ்யூமேவின் பிரதியை இன்டர்வியூவுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் "கம்பெனி பணம் தந்த பிறகே எழுத்தாளருக்குப் பணம்" என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வசூல் ஏஜென்சியின் பொறுப்பு. என்னிடம் முதலில் முடியாது என்றார்கள், கையெழுத்தை நிறுத்தி வைத்ததும் எடுத்துவிட்டார்கள். டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தரும் மேனேஜர் லீவில் போனால் அந்தச் சுற்றுப் பணம் அப்படியே நிற்கும். மாற்று ஒப்புதலாளர் யார் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

சேர்ந்த முதல் வாரம் பெரும்பாலும் காத்திருப்பிலேயே போகும். ஃபைல்களும் அவற்றின் மாற்றங்களும் இருக்கும் கிட்டுக்கு அணுகல் வராது, சோதித்துப் பார்க்க வேண்டிய டெஸ்ட் பில்ட் வராது, எழுதப் பயன்படும் ஆக்சிஜன் எடிட்டருக்கு லைசென்ஸ் யார் வாங்குவது என்று கம்பெனியும் ஏஜென்சியும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அந்த மணிகளையும் "அணுகலுக்காகக் காத்திருப்பு" என்று டைம்ஷீட்டில் எழுதுங்கள், அதுவும் வேலை நேரம்தான். ரிலீஸ் வாரம் இதற்கு நேர்மாறு. வாரத்துக்கு 40 மணி என்று வரம்பு இருந்தால், எழுத்தில் அனுமதியில்லாமல் கூடுதலாக உழைத்தது எதற்கும் காசு வராமல் போகலாம்.

போர்ட்ஃபோலியோவைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள், லாகின் அன்று காலையிலேயே போய்விடக்கூடும். வெளியே வந்துவிட்ட பக்கங்களின் லிங்க்குகளை அவ்வப்போது குறித்து வையுங்கள். உள் ஆவணம் எதையாவது மாதிரியாகக் காட்ட வேண்டுமென்றால், எந்தப் பக்கங்கள், எதை மறைக்க வேண்டும் என்று குறிப்பிட்டு கம்பெனி மேனேஜரிடமே மெயிலில் அனுமதி கேளுங்கள். அந்த அனுமதியைக் கொடுக்க ஏஜென்சிக்கு உரிமை கிடையாது.