மாட்டு ரத்தமும் முப்பத்தொன்பது எழுத்தும்

தென்னாப்பிரிக்காவின் வட குவாசுலு நேட்டாலில் மாட்டு ரத்தம் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்துச் சுழலவிட்டால் சிவப்பணு அடியில் தங்கும், அதன்மேல் வெளுப்பாய் ஒரு படலம் நிற்கும். செட்சி ஈ பரப்பும் நாகனா நோய் பிடித்த மாடாக இருந்தால், அந்த விளிம்பில் அதற்குக் காரணமான டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச் செல் கிருமிகள் நெளிந்து துடிப்பது நுண்ணோக்கியில் தெரியும். எங்கள் பக்கம் பெரும்பாலும் காங்கோலென்ஸ் இனம். அதற்கு நெருங்கிய புரூசி இனத்தை 1890-களில் இங்கே உபோம்போவில்தான் டேவிட் புரூஸும் மனைவி மேரியும் கண்டார்கள்.

இந்தச் சனியன் மாட்டை எப்படிக் கொல்கிறது என்பது ஊருக்கே தெரியும். தன் மரபணுவை எப்படிப் படிக்கிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

நம் செல்லில், ஒரு மரபணுவைப் படியெடுத்த இழையான ஆர்.என்.ஏ.விலிருந்து வேண்டாத துண்டுகள் வெட்டப்பட்டு மிச்சம் ஒட்டப்படும். எல்லாம் ஒரே இழைக்குள். டிரிப்பனோசோமோ பல மரபணுக்களை ஒரே நீள இழையாகப் படியெடுத்துவிடும். வேறோர் இடத்து மரபணுவிலிருந்து குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று தனியே வரும். அதன் தலைப்பக்க 39 எழுத்துகள் (ஆர்.என்.ஏ. இழையைக் கட்டும் அலகுகள்) வெட்டுப்பட்டு, நீள இழையிலுள்ள ஒவ்வொரு மரபணுவின் முன்னாலும் ஒட்டிக்கொள்ளும். இதுதான் டிரான்ஸ் ஸ்ப்ளைசிங். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமியார் பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சீட்டுகூட எழுதமாட்டார். இங்கேயும் புரதம் செய்யச் செய்தி கொண்டுபோகும் எந்தத் தூது ஆர்.என்.ஏ.வாக இருந்தாலும் உச்சியில் அதே 39.

1982-ல் இந்த எழுத்துகள் கண்ணில் பட்டபோது, சம்பந்தப்பட்ட மரபணுவின் பக்கத்தில் அவை இல்லவே இல்லை. 1986-ல்தான் சாட்சி கிடைத்தது. ஒரே இழையில் வெட்டினால் கழிவுத்துண்டு கண்ணியாக வளையும்; இங்கே கிடைத்ததோ ஒய் வடிவம். குட்டி ஆர்.என்.ஏ.வின் மிச்சம் இன்னோர் இழையில் கிளையாக ஒட்டி நின்றது. இரண்டு தனித்தனி ஆர்.என்.ஏ. சேர்ந்தால் ஒழிய அந்த உருவம் வராது.

அடுத்த வருஷமே சி. எலிகன்ஸ் புழுவிலும் 22 எழுத்துத் தலைப்பு அகப்பட்டது; அதன் மரபணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த ஒட்டு உண்டு. அந்தப் புழுவை ஆய்வுக்கூடத்தில் பிரபலமாக்கிய சிட்னி பிரென்னரும் நம் ஜெர்மிஸ்டனில் பிறந்தவர். இருந்தும் என் மகளின் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே வரி, அதுவும் அடிக்குறிப்பில். எரிச்சலாக வருகிறது.

மாட்டுக்கு இந்த 39 எழுத்து கிடையாது. ஒட்டும் இடத்தை மட்டும் அடைக்கிற மருந்து ஒன்று வந்தால் மாட்டுக்குப் பங்கமில்லாமல் கிருமியை முடித்துவிடலாம். இப்போதைக்கு டிமினசீன் ஊசிதான். அதையும் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லிப் போடாதீர்கள், மார்புச் சுற்றளவு நாடாவால் அளந்து போடுங்கள்.