3,35,50,336: ஐந்தாவது செவ்விய எண்ணைக் கையால் சரிபார்த்த அனுபவம்

தன்னைத் தவிர்த்த ஏனைய வகுத்திகளின் கூடுதலுக்குச் சமமான எண்ணைச் செவ்விய எண் என்கிறோம். 6, 28, 496, 8128 ஆகிய முதல் நான்கையும் முன்பே சரிபார்த்திருந்ததால், ஐந்தாவதைக் கால்குலேட்டரைத் தொடாமல் கட்டம் போட்ட நோட்டில் கண்டடைய விரும்பினேன்.

வழி யூக்ளிட் காட்டியதுதான்: 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே சென்று கூட்டும்போது கூடுதல் பகா எண்ணாக அமைந்தால், அதைக் கடைசியாகக் கூட்டிய எண்ணால் பெருக்கினால் செவ்விய எண் கிடைக்கும். 1024 வரை கூட்டியதில் 2047 வந்தது. சோதிக்காமலேயே அதைப் பகா எண் என்று கொண்டு, 20,96,128 என்பதை விடையாக எழுதினேன். மறுநாள்தான் 2047 என்பது 23 × 89 எனத் தெரிந்தது. விடுபட்ட வகுத்திகளையும் சேர்த்தபோது கூடுதல் 23,25,392 ஆகிவிட்டது, அது மிகையெண், அதாவது ஏனைய வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடப் பெரிதாக உள்ள எண்.

அடுத்து 4096 வரை கூட்டினால் 8191. இதன் வர்க்கமூலம் 91-க்குள் அடங்குவதால் 24 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இத்தகைய எண்ணின் பகா வகுத்தி எதுவானாலும் 26-ஆல் வகுக்க 1 மீதி தர வேண்டும் என்ற விதி, 53, 79 ஆகிய இரண்டை மட்டுமே மிச்சம் வைத்தது. மீதிகள் முறையே 29, 54. ஆகவே 8191 பகா எண். 4096 × 8191 = 3,35,50,336. இதன் 26 வகுத்திகளில் 1 முதல் 4096 வரையிலானவற்றின் கூடுதல் 8191. எண்ணையே நீக்கிவிட்டால் எஞ்சுபவற்றின் கூடுதல் 8191 × 4095, அதாவது 3,35,42,145. இரண்டும் சேர்ந்து அதே எண்ணைத் தருகின்றன.

இது முக்கோண எண்ணாகவும் அறுகோண எண்ணாகவும் (அத்தனை புள்ளிகளை அந்தந்த வடிவில் அடுக்கலாம்) இருக்கிறது; இரும முறையில் எழுதினால் பதின்மூன்று 1-களும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு 0-களும் வருகின்றன. என்னை அதிகம் ஈர்த்ததோ கனங்களின் கூட்டுத்தொகை: 1 முதல் 127 வரையிலான 64 ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதே எண் வர வேண்டும். நான்கு மாலைகள் கூட்டியும் எனக்கு வந்தது 3,35,77,336. இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிப் பார்க்கும் சோதனையில் சரியான எண்ணும் பிழையான எண்ணும் 1-லேயே முடிந்ததால் தவறு புலப்படவில்லை. பத்துப் பத்தாகப் பிரித்துச் சரிபார்த்தேன். நாற்பதாவது கனம் வரை 51,18,400 என்பது சரியாக இருந்தது. ஐம்பதாவதில் 1,24,97,500 இருக்க வேண்டிய இடத்தில் 1,25,24,500 இருந்தது. வித்தியாசம் 27,000. 87-இன் கனமான 6,58,503-ஐ 6,85,503 என்று இடம் மாற்றி எழுதியிருந்தேன். இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகிவிடும். அந்தச் சோதனை இதைப் பிடிக்காது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இப்போது ஆறாவதற்காக 1,31,071-ஐச் சோதித்து வருகிறேன். வர்க்கமூலத்துக்குள் அடங்கி, 34-ஆல் வகுக்க 1 மீதியும், 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதியும் தரும் பகா எண்கள் மட்டும் போதும் என்பதால் 103, 137, 239 ஆகிய மூன்றே மிஞ்சின. 103 தந்த மீதி 55. 137, 239 இரண்டுமே 99 தந்தபோது ஒரே கணக்கை இருமுறை எழுதிவிட்டேனோ என்று ஐயுற்றுத் திரும்பப் போட்டேன். 4 × 137 × 239 என்பது 1,30,972, அதோடு 99-ஐக் கூட்டினால் 1,31,071.