571571

நிலாவெளியிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் தந்த டிக்கெட்டின் இலக்கம் 571571.

மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரே எண் இரண்டு தடவை வந்தால் அதிர்ஷ்டமாம்.

"7ஆல் வகுத்துப் பார், மீதி வராது" என்றேன்.

பஸ் குலுங்கக் குலுங்க, டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் வகுத்தாள். 81653. அதை 11ஆல் வகுத்தாள். 7423. அதையும் 13ஆல் வகுக்கச் சொன்னேன். தாளில் இடம் தீர்ந்துவிட்டது; கடைசி விடை உள்ளங்கைக்குப் போனது.

571.

"அப்பா, பழைய எண்ணே வந்துவிட்டது!"

முன் இருக்கையில் மீன் பையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இருமுறை எழுதுவது, அதை 1001ஆல் பெருக்குவதுதான். 1001 என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கம். எந்த எண்ணை எடுத்தாலும் பிசகாது. (571 பகா எண், அதற்கு மேல் உடையாது. அது மட்டும் தற்செயல்.)

பள்ளியில் எனக்கு இதை யாரும் காட்டவில்லை. வாய்ப்பாடு ஒப்புவித்தே வளர்ந்தேன். எண்ணுக்குள்ளும் அறைகள் இருப்பது நாற்பது வயதில்தான் தெரிந்தது.

உப்புவெளியில் ஒரு லொறி எதிரே வந்தது. இலக்கத் தகட்டில் 4848.

"இதை எது வகுக்கும், அப்பா?"

101 என்று சொல்லவில்லை. தேடட்டும்.