தங்கை வீட்டு மோடம்

2002இல் பெசன்ட் நகர் வீட்டிலிருந்த என் பென்டியம் 3 கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். எல்லாம் ஓடியது, தொலைபேசி லைன் வழியாக இணையத்தில் இணைக்க உள்ளே இருந்த 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) மோடத்தைத் தவிர. அது பி.சி.ஐ. என்ற புதிய வகை ஸ்லாட்டில் செருகும் 'வின்மோடம்'. அட்டையில் இருப்பது பாதி மோடம்தான். மீதி வேலையை விண்டோஸ் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வழியாகக் கணினியின் பிராசஸரே செய்தாக வேண்டும். அந்த டிரைவர் லினக்ஸில் ஓடாது.

நங்கநல்லூரில் தங்கையிடம் பழைய பென்டியம் 166 இருந்தது. அதில் ஐ.எஸ்.ஏ. என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகும் 33.6கே மோடம், முழு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். "உனக்கு வேகமான மோடம் தருகிறேன்" என்று சொல்லி மாற்றிக்கொண்டேன். தாராளம்போலத் தெரிந்தாலும் சுயநலம்தான்.

என் மதர்போர்டில் வெள்ளை நிற பி.சி.ஐ. ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் நீளமான கறுப்பு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் ஒன்று மிஞ்சியிருந்தது. பென்டியம் 4 வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதுவும் இருந்திருக்காது. கடற்காற்றில் கறுத்திருந்த ஸ்லாட்டைத் தூரிகையால் துடைத்தேன். அட்டையின் பித்தளை நிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்தேன். பிறகு ஜம்பர். அட்டை எந்த எண்ணில் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும், அரிசி அளவு பிளாஸ்டிக் தொப்பி அது. புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கும்போது துள்ளி, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. டார்ச் அடித்து அதைத் தேடியதுதான் அன்றைய பெரிய வேலை.

காம் 1 என்ற சீரியல் போர்ட்டில் மவுஸ் இருந்ததால் மோடத்தை காம் 2, ஐ.ஆர்.க்யூ. (கருவி பிராசஸரை அழைக்கும் எண்) 3 என்று வைத்தேன். பேச்சுமூச்சில்லை. மதர்போர்டின் சொந்த காம் 2 அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அதை அணைத்துவிட்டு, மோடத்தை அழைக்கும் 'ஏ.டி.' கட்டளையைத் தட்டியதும் 'ஓ.கே.' என்று பதில் வந்தது. டிரைவரே தேவைப்படவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தங்கை அழைத்தாள். "அண்ணா, இணைப்பில் இருக்கும்போது மவுஸ் நின்று நின்று நகர்கிறது. பிரின்ட் கொடுத்தால் லைனே அறுந்துவிடுகிறது. பழையதையே கொடுத்துவிடு." 166 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரின் தலையில் மோடத்தின் பாதி வேலையைச் சுமத்தியது நான்தான். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டேன்.

ரிச்சி தெருவில் பழைய பொருள் விற்கும் கடையில் சீரியல் கேபிளுடன் வெளியே வைக்கும் மோடம் ஒன்றை வாங்கினேன். காம் 2இல் செருகினால் விளக்கெல்லாம் எரிகிறது, பதில் மட்டும் இல்லை. கேபிளை மாற்றினேன், கடைக்காரரைத் திட்டினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது, பயாஸில் காம் 2ஐ அணைத்தவனே நான்தான் என்று.