லைட் போடாமல் ஓட்டிய ராத்திரிகள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தாலே எதிர்வீட்டு மாமா ஞாபகம்தான் வரும். தண்டையார்பேட்டைக்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், 1999 கார்கில் போரின்போது ஸ்ரீநகர்-லே சாலையில் அரிசி, மண்ணெண்ணெய், பீரங்கிக் குண்டு என்று எல்லாம் ஏற்றிப் போனவர். சோஜி லா கணவாயே 11,500 அடிக்கு மேல். அதைத் தாண்டி திராஸ் பக்கம் போனால் டோலோலிங் உச்சியில் உட்கார்ந்திருந்த எதிரிக்குச் சாலை அப்படியே தெரியும், அதனால் ராத்திரியில், அதுவும் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும்.

"அப்புறம் ரோடு எப்படி மாமா தெரியும்?"

"தலைய வெளிய நீட்டிக்கிட்டு, டயருக்கடியில ஜல்லி சத்தம் மாறுதான்னு கேட்டுக்கிட்டே போவோம்பா." சொல்லும்போதே அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி மடங்கிக்கொண்டன.

ஜூன் 13-இல் டோலோலிங்கை மீட்டார்கள், ஏறிய வீரர்களை நாடே கொண்டாடியது, சரிதான். ஆனால் போஃபர்ஸ் பீரங்கியின் குண்டு ஒன்றே 40 கிலோவுக்கு மேல், அதையும் அந்தச் சாலையில் லாரியில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓட்டினவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் தெருவில் கரண்ட் போனது. மாமா டார்ச் எடுக்காமலே மாடிப்படி இறங்கி வந்தார்.