கேலனுக்கு அரை சென்ட் மகமை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மக்காச்சோளமும் சோயாவும் விளையும் ஒரு சிற்றூரில், புரொப்பேன் எரிவாயு விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் நான்கு குளிர்காலங்கள் வேலை பார்த்தேன். தொலைபேசியில் வரும் ஆர்டர்களைக் குறித்துக்கொண்டு, எந்த லாரி எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று ஒழுங்கு செய்வது என் பொறுப்பாக இருந்தது. இயற்கை எரிவாயுக் குழாய் எட்டாத இவ்வூர் வீடுகளின் பின்புறத்தில் 500 கேலன் தொட்டி ஒன்று வெள்ளையாக நிற்கும். சமையல், வெந்நீர், குளிர்கால வெப்பம் எல்லாம் அதிலிருந்துதான். எங்கள் ஓட்டுநர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆண்டில், அந்த லாரியை நான் ஓட்டுகிறேனா என்று முதலாளி கேட்டார். சரி என்று சொன்ன நாளிலிருந்து, தனியாக ஒரு வீட்டுத் தொட்டியை நிரப்ப அனுமதி கிடைத்த நாள்வரை ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் நான் கடந்த படிகளையும், என் பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் அறிந்துகொண்ட வரலாற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். எனக்குள் அவை இரண்டும் ஒன்றாகவே பதிந்திருக்கின்றன.

உரிமத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இந்த வகை லாரிக்குப் பி பிரிவு வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். அதன்மேல் தொட்டி வண்டி ஓட்டுவதற்கும் அபாயகரமான பொருள் ஏற்றுவதற்கும் தனித்தனி ஒப்புதல் வேண்டும். 2022 பிப்ரவரி 7-க்குப் பின் புதிதாக விண்ணப்பிப்பவர்கள், பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் பாடத்தை முடித்த பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும். அபாயப் பொருள் ஒப்புதலுக்காகப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கைரேகை எடுத்துப் பின்னணியைச் சரிபார்க்கும். நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வைத்திருந்ததால் நான் விண்ணப்பிக்க முடிந்தது. பதில் வரப் பல வாரங்கள் ஆயிற்று. இதே வேலைக்கு வர நினைப்பவர்கள் கைரேகையை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. மற்றவற்றை அந்தக் காத்திருப்பு நாட்களில் முடித்துக்கொள்ளலாம்.

உரிமம் லாரியை ஓட்டத்தான் அனுமதிக்கிறது. எரிவாயுவைக் கையாள்வது தனிக் கல்வி. என்எஃப்பிஏ 58 என்று எல்லோரும் எண்ணைச் சொல்லியே அழைக்கும், தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பு, இத்தொழிலில் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கென நடக்கும் படிப்பு இரண்டு பகுதியாக இருக்கும்: எழுத்துத் தேர்வு ஒன்று, அதன்பின் தகுதியுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, ஒவ்வொரு வேலையையும் கைப்படச் செய்து காட்டும் தேர்வு ஒன்று. அடிப்படைக் கோட்பாடுகளின் பாடத்தை இரவுகளில் படித்தேன். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. திரவம் வாயுவாக மாறும்போது 270 மடங்கு விரிகிறது. அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. காற்றில் ஏறக்குறைய 2 முதல் 10 சதவீதம்வரை கலந்திருக்கும்போது தீப்பிடிக்கும். கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தண்ணீரைப் போலத் தரையோடு ஓடி, நிலவறையில் போய்த் தேங்கும். இந்த ஒரு வரியை மறந்தவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்று பயிற்சியாளர் முதல் நாளே சொன்னார்.

அந்தப் பாடங்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன. படங்கள், அசையும் வரைபடங்கள், ஒவ்வொரு வால்வின் உள்வெட்டுத் தோற்றம் என்று யாரோ மிகுந்த அக்கறையோடும் செலவோடும் உருவாக்கியிருந்தார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் எங்கள் நிறுவனத்தால் இதைச் செய்திருக்க முடியாது. இதற்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்டேன். நாற்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்த பயிற்சியாளர், "நீ நிரப்பப்போகும் ஒவ்வொரு கேலனும் கொடுத்தது" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாமாகவே எடுத்துவைக்கும் மகமையில் பள்ளிக்கூடம் நடந்த ஊர் அது. ஆகவே அவர் விளக்கத் தொடங்கியதும் அரை நொடியில் புரிந்துவிட்டது. இங்கே சட்டத்தின் பெயரால் நடப்பதும் மகமையேதான்.

1910-இல் வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர், பெட்ரோலிலிருந்து ஆவியாகிப் பறந்துபோகும் பொருளுக்குள் புரொப்பேன் இருப்பதைக் கண்டறிந்தார். அதிலிருந்து வளர்ந்த தொழில் பெரும்பாலும் சிறு வியாபாரிகளின் கையில் இருந்தது. தனித்தனியாகப் பயிற்சிப் புத்தகம் எழுதவோ, ஆராய்ச்சி செய்யவோ, மக்களிடம் எரிவாயுவின் பாதுகாப்பைப் பற்றிப் பேசவோ அவர்களால் இயலவில்லை. சேர்ந்து செய்யலாம் என்றால், ஒருவர் சந்தா கொடுக்க இன்னொருவர் கொடுக்காமலே பயனடைவார் என்ற பழைய சிக்கல் குறுக்கே நின்றது. தங்கள் மேல் தாங்களே ஒரு கட்டணத்தை விதித்துக்கொள்ள அனுமதி கேட்டுத் தொழிலினர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1996 அக்டோபர் 11 அன்று புரொப்பேன் கல்வி, ஆய்வுச் சட்டம் கையெழுத்தாகியது. ஆனால் அந்தக் கட்டணத்தை வசூலித்துச் செலவிடும் மன்றம் சட்டம் வந்த மறுநாளே உருவாகிவிடவில்லை. உற்பத்தியாளர்களிடமும் சில்லறை வியாபாரிகளிடமும் தனித்தனியே வாக்கெடுப்பு நடத்தி, இரு தரப்பிலும் வாக்களித்த விற்பனை அளவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால்தான் மன்றம் அமையும் என்பது நிபந்தனை. 1997-இல் அந்த வாக்கெடுப்பு நிறைவேறியது. அப்போது தான் வேலை பார்த்த சிறு கடைக்கும் வாக்குச்சீட்டு வந்ததை எங்கள் பயிற்சியாளர் இன்றும் பெருமையோடு சொல்கிறார்.

மன்றத்தில் 21 பேர்: உற்பத்தியாளர் தரப்பில் 9, சில்லறை வியாபாரிகள் தரப்பில் 9, பொதுமக்கள் சார்பில் 3. தொடக்கத்தில் கேலனுக்குப் பத்தில் ஒரு சென்ட் கட்டணம். ஆண்டுக்குப் பத்தில் ஒரு சென்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது. என்றைக்கும் அரை சென்டைத் தாண்டக் கூடாது. வேளாண்மைக்குப் பயன்படும் திட்டங்களுக்குக் குறைந்தது 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற வரியைப் படித்தபோது, அறுவடை மாதங்களில் இரவு பகலாக ஓடும் எங்கள் ஊர்த் தானிய உலர்த்திகள்தாம் நினைவுக்கு வந்தன. சட்டமியற்றுவதிலோ தேர்தலிலோ செல்வாக்குச் செலுத்த இந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்றும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொதுப்பணத்துக்கு வேலி போடுவதில் இப்படித்தான் கறாராக இருக்க வேண்டும்.

மாநிலங்களுக்கு உரிய இடத்தையும் அச்சட்டமே கொடுத்திருக்கிறது. ஒரு மாநிலத்தில் வசூலாகும் கட்டணத்தில் 20 சதவீதம் அந்த மாநிலத்தின் புரொப்பேன் மன்றத்துக்கோ அதற்கு இணையான அமைப்புக்கோ திரும்பிவரலாம். மிசௌரியில் மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதியோடு அமைந்த கல்வி, ஆய்வு மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் 15 இயக்குநர்களும் ஊதியமில்லாமல் பணியாற்றுபவர்கள். தொழிலாளர் பயிற்சி, வீட்டாருக்கான பாதுகாப்புக் கல்வி, புரொப்பேன் சாதனம் வாங்குவோருக்குத் தள்ளுபடி, சந்தை வளர்ச்சி என எல்லாவற்றையும் அது கவனிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 கேலன் தொட்டியில் 80 சதவீதமே நிரப்பலாம் என்பதால், காலியாக இருந்தால் 400 கேலன் பிடிக்கும். கேலனுக்கு அரை சென்ட் என்றால் அதற்கு மகமை 2 டாலர். அந்த 2 டாலரில் 40 சென்ட் மாநிலத்துக்குத் திரும்பும். இப்படிச் சேர்ந்த சில்லறைக் காசுகளில் அச்சான பாடத்தைத்தான் நான் சமையலறை மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சட்டத்தில் என்னை மிகவும் நெகிழவைத்த ஏற்பாடு வேறொன்று. கட்டணம் எந்த இடத்தில் விழுகிறது என்பது அது. புரொப்பேனுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, 10,000 கேலனுக்கு ஒரு பவுண்டு என்ற அளவில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஊரில் சமையல் கேஸ் கசிந்தால் அம்மா பதறிக் கதவுகளைத் திறப்பாரே, அதே நாற்றம்தான். அந்த நாற்றம் சேர்க்கப்படும் நேரத்தில் புரொப்பேன் யாருக்குச் சொந்தமோ அவரே மகமைக்குப் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து நாற்றத்தோடு வந்தால் இறக்குமதி செய்பவர் கொடுக்க வேண்டும். வேதியியல் ஆலைகளுக்கு மூலப்பொருளாக நாற்றமில்லாமல் போகும் புரொப்பேனுக்கு மகமை இல்லை. மக்களின் வீட்டுக்குள் போகப்போகும் எரிவாயு எதுவோ அதுவே கல்விக்கான பணத்தையும் சுமந்து வருகிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில், நாற்றமில்லாத இயற்கை எரிவாயு தரைக்கு அடியில் தேங்கி வெடித்துச் சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்துபோனார்கள். எரிவாயுவுக்கு நாற்றம் கட்டாயமானது அதன் பிறகுதான். இதை வகுப்பில் கேட்டபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மன்றத்தின் பாதை நேராக அமையவில்லை. புரொப்பேன் விலையின் ஐந்தாண்டுச் சராசரிக் குறியீடு, மின்சாரம், இயற்கை எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றின் கூட்டுச் சராசரியை 10.1 சதவீதத்துக்கு மேல் விஞ்சினால், மன்றம் ஆராய்ச்சி, பயிற்சி, பாதுகாப்பு என்ற மூன்றோடு நின்றுவிட வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. 2009-இல் அந்த வரம்பு மீறப்பட்டது. பொதுமக்களுக்கான விளம்பரங்கள் நின்றன. இடையில், 2013-14 குளிர்காலத்தில், ஈரமான மக்காச்சோள அறுவடை புரொப்பேனை உறிஞ்சிக்கொள்ள, கடுங்குளிரும் சேர, மத்திய மேற்கு மாநிலங்களில் பெருந்தட்டுப்பாடு வந்து, வீட்டு விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. 2014 டிசம்பர் 18 அன்று வந்த திருத்தச் சட்டம் விலையை ஒப்பிடும் முறையை மாற்றிய பிறகே அந்தக் கட்டு தளர்ந்தது. விளம்பரம் நின்ற ஆண்டுகளைத் தொழிலில் பலர் இழப்பாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னபோதும் பயிற்சியையும் பாதுகாப்பையும் தொடாமல் விட்ட சட்டம், எது முதன்மையானது என்பதைச் சரியாகவே அறிந்திருந்தது.

எழுத்துத் தேர்வில் முதல் முறையே தேறினேன். செய்முறைத் தேர்வில் தேறவில்லை. லாரியை நிறுத்தி இறங்கியதும் சக்கரத்துக்கு அடைகட்டை வைக்க வேண்டும். நான் குழாய்ச் சுருளை இழுக்கத் தொடங்கிய பிறகே அது நினைவுக்கு வந்து திரும்பி ஓடினேன். வைத்துவிட்டேனே என்று சொல்லிப் பார்த்தேன். வரிசை மாறினால் வைக்காததற்குச் சமம் என்று பக்கத்தில் நின்று தேர்வு செய்தவர் தாளை மூடிவிட்டார். அன்று மனம் கனத்தது. அதற்கு மறுநாளிலிருந்து இரண்டு வாரங்கள், முற்றத்தில் காலி லாரியை வைத்துக்கொண்டு அதே வரிசையைச் செய்து பழகினேன்: கைத்தடை, அடைகட்டை, தொட்டியைச் சுற்றிப் பார்ப்பது, 150 அடி தொலைவிலிருந்தும் லாரியின் வால்வை மூடக்கூடிய ரிமோட்டை இடுப்பில் மாட்டிக்கொள்வது, அதன்பிறகே குழாய். தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, சிறிய பித்தளைத் திருகை அரைச்சுற்றுத் தளர்த்தினால் முதலில் வாயு மட்டும் சீறும். திரவம் 80 சதவீதத்தைத் தொடும் கணத்தில் அந்தத் துளையிலிருந்து பஞ்சைப் போல வெள்ளைப் புகை பீச்சும். அதைக் கண்ட அந்த நொடியே நிறுத்த வேண்டும். எண்காட்டியை நம்பக் கூடாது. இரண்டாம் முறை தேர்வில் தேறினேன்.

தனியாகப் போன முதல் வாரத்திலேயே, எரிவாயு முற்றிலும் தீர்ந்துபோன ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எண்பதைக் கடந்த பெண்மணி, தனியாக இருப்பவர். தீர்ந்துபோன தொட்டியை நிரப்பிவிட்டு வந்துவிட முடியாது. திறந்தபடி மறந்துபோன அடுப்புக் குமிழ் ஒன்று போதும், வீடு முழுக்க வாயு பரவிவிடும். எல்லாச் சாதனங்களையும் மூடி, குழாய் அமைப்பில் அழுத்தமானியைப் பொருத்தி, மூன்று நிமிடம் முள் அசைகிறதா என்று மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையவில்லை. பிறகு சூடேற்றியின் பைலட் சுடரை ஏற்றிவிட்டு, சுரண்டினால் மெர்காப்டன் நாற்றம் வரும் பாதுகாப்பு அட்டையை அவரிடம் கொடுத்தேன். சுரண்டி மூக்கருகே வைத்தார். இன்னொரு முறை சுரண்டினார். "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். அட்டையை வாங்கி நான் முகர்ந்தேன். எனக்கு நெற்றிவரை ஏறியது.

முதுமையில் மோப்பம் குன்றும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அன்று மாலையே அவருடைய மகனைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அடுத்த முறை தொட்டி நிரப்பப் போனபோது, படுக்கையறைச் சுவரில் தரையை ஒட்டி எரிவாயு உணர்கருவி ஒன்று பொருத்தப்பட்டு, அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.