300 எம்பி மிச்சம் கிடக்க 20 கேபி ஏறவில்லை

மட்டக்களப்பிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) மூலம், தரவைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் ஹடூப் கிளஸ்டருக்கு மழைமானித் தரவு ஏற்றியபோது எங்களைச் சுற்றவிட்டது ‘கோட்டா எக்ஸீடட்’ (ஒதுக்கிய அளவு தாண்டிவிட்டது) என்ற பிழைதான். கோட்டாவைக் கூட்டித் தாங்கோ என்று அட்மினுக்கு எழுதமுதல் ‘எச்டிஎஃப்எஸ் டிஎஃப்எஸ் -கவுண்ட் -க்யூ -எச் -வி’ என்று போட்டு, பின்னால் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். -வி இல்லாவிட்டால் நிரல்களுக்குத் தலைப்பு வராது. 2ஆம் நிரலில் இன்னும் எத்தனை கோப்பு, ஃபோல்டர் வைக்கலாம் என்பதும், 4ஆம் நிரலில் மிச்ச இடமும் இருக்கும்.

ஹடூப் ஒவ்வொரு கோப்பையும் பல கணினிகளில் பிரதியெடுத்து வைக்கும். இடக் கோட்டா எல்லாப் பிரதிகளையும் சேர்த்தே எண்ணும். 3 பிரதி என்றால் 90 ஜிபி கோட்டாவில் உங்கள் தரவுக்கு 30 ஜிபிதான். எங்களுக்கு 300 எம்பி மிச்சம் இருந்தது. ஏற்றப் பார்த்தது வெறும் 20 கேபி. அதுவும் ஏறவில்லை. கோப்பு எவ்வளவு சின்னதானாலும், எழுதத் தொடங்கும்போது ஒரு முழு பிளாக்குக்கு (கோப்பைப் பிரித்து வைக்கும் துண்டு) இடம் இருக்கிறதா என்றுதான் நேம்நோட் (கோப்புகளின் கணக்கை வைத்திருக்கும் கணினி) பார்க்கும். 128 எம்பி பிளாக், 3 பிரதி: 384 எம்பி வேண்டும்.

அவசரத்துக்கு ‘-டி டிஎஃப்எஸ்.ரெப்ளிகேஷன்=2’ சேர்த்து ஏற்றினோம். 256 எம்பி போதும் என்பதால் ஏறியது. எழுதி முடிந்ததும் கணக்கில் நின்றது 40 கேபிதான். இந்த -டி, ஏற்றும் கட்டளையான ‘-புட்’டுக்கு முன்னால் வரவேண்டும், பின்னால் போட்டால் எடுபடாது. திரும்ப எடுக்கக்கூடிய பழைய தரவுக்கு, பிரதிகளை இரண்டாகக் குறைக்க ‘-செட்ரெப் 2’ போடலாம். திரும்பக் கிடைக்காததில் கை வைக்காதீர்கள்.

அழித்தும் இடம் வராததுதான் அடுத்த தலையிடி. ட்ராஷ் இயங்கும் கிளஸ்டரில் ‘-ஆர்எம்’ அழிப்பதில்லை, உங்கள் ஹோம் ஃபோல்டரிலுள்ள ட்ராஷுக்கு நகர்த்துகிறது. ஹோமுக்கும் கோட்டா இருந்து அது நிரம்பியிருந்தால், அழிக்கும் கட்டளையே கோட்டாப் பிழையில் நின்றுவிடும். ட்ராஷைத் துப்புரவாக்கும் ‘-எக்ஸ்பஞ்ச்’சும் தவணை முடிந்தவற்றைத்தான் கழிக்கும். உடனே இடம் வேண்டுமானால் ‘-ஆர்எம் -ஆர் -ஸ்கிப்ட்ராஷ்’. பிறகு மீட்க வழியில்லை. முதலில் ‘-எல்எஸ்’ போட்டுப் பாதையைச் சரிபாருங்கள். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்த ஃபோல்டர் என்றால் இதற்கும் இடம் வராது, ஃபோல்டரின் உரிமையாளரோ அட்மினோ அந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்கவேண்டும்.

மாரியில் கரண்ட் போய் ஏற்றம் பாதியில் அறுந்தால், பெயரின் கடைசியில் ‘காப்பியிங்’ ஒட்டிய அரைகுறைக் கோப்பு தங்கிவிடலாம். அதுவும் கோட்டாவைத் தின்னும், தேடி அழியுங்கள்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்போருக்கு ஒன்று: பெயருக்கு இயல்பான எல்லை 255 பைட். யுடிஎஃப்-8இல் ‘கா’வின் ககரத்துக்கு 3 பைட், காலுக்கு இன்னொரு 3.